நூலகத்துச் சமையல், வீட்டு வேலைப் புத்தகங்கள்: கணக்கு எங்கே பிழைக்கிறது?

பொது நூலகத்தின் புதிய வரவுத் தட்டில் கேக், பாண், தச்சு வேலை, பைப் வேலை என்று பளபளக்கும் அட்டைகள் வந்தால் முதலில் கைமாறிப் போவன அவைதான். ஒரு கிழமைக்குள் "புத்தகத்தில் இருக்கிற மாதிரியேதான் செய்தேன், சரிவரவில்லை" என்ற பேச்சும் வந்துவிடும். அநேகமாகப் புத்தகத்திலும் பிழை இருக்காது, செய்தவர் கையிலும் பிழை இருக்காது. குளிர்நாட்டு வீட்டுக்கு எழுதிய அளவைத் திருகோணமலை வீட்டில் அப்படியே பாவித்ததுதான் பிழை.

அதனால் படங்களைப் புரட்டுமுன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எந்த நாட்டில், எந்த ஆண்டில் வந்தது, திருத்திய பதிப்பா வெறும் மீள்அச்சா என்பதெல்லாம் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். புதிய வரவு என்றால் நூலகத்துக்குப் புதிது, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் எழுதிய மின்வேலைப் புத்தகம் மீள்அச்சாகி இன்றைக்குத் தட்டில் இருக்கலாம். பிரித்தானியா 2004க்கும் 2006க்கும் இடையில் வீட்டு வயரிங் நிறங்களையே மாற்றிவிட்ட செய்தி அந்தப் புத்தகத்தில் இராது.

தேடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. சமையல் என்றால் 641.5 என்று அந்த அலுமாரியோடு நின்றுவிடுவார்கள். நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டூயி பகுப்பில் உணவு பதப்படுத்தல் 641.4, பாண், கேக் போன்ற தனி வகைகள் 641.8. வீட்டு வேலை இன்னும் சிதறிக் கிடக்கும்: வீட்டுத் திருத்தம் 643.7, மின்சாரம் 621.3, தளபாடம் 684, தச்சு 694, குழாய் வேலை 696. ஒரே வேலைக்கு இரண்டு புத்தகம் எடுத்து ஒப்பிட்டால் பாதிச் சிக்கல் தீரும், அந்த இரண்டும் ஒரே தட்டில் இராது.

இனி அளவு. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி லீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. பேக்கிங் பவுடரை மேசைக்கரண்டியால் அளக்கச் சொன்னால் இந்த வித்தியாசம் கேக்கில் கசப்பாகத் தெரியும். நம் வீட்டுச் சுண்டு இவற்றில் எதனோடும் பொருந்தாது. தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரைத் தராசில் வைத்து ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கிராம் ஒரு மில்லி. கப் சரியாக இருந்தாலும் மா பிழைக்கும். கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு மட்டம் தட்டினால் ஒரு கப் கோதுமை மா 120 முதல் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டுக் கோரி எடுத்தால் 150 கிராம் வரை போகும். மூன்று கப் கேட்கும் கேக்கில் 75 கிராம் மா கூடிவிட்டால் அது வெடித்துக் காய்ந்துதான் வரும். புத்தகத்தில் கிராம் கணக்கும் இருந்தால் கப் கணக்கைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

அமெரிக்கப் புத்தகத்தில் பட்டர் 'ஒரு ஸ்டிக்' என்றால் 113 கிராம். முட்டை 'பெரியது' என்றால் கோது நீக்கி 50 கிராம்; சின்ன முட்டை நாலு போட்டு 'நாலு முட்டை' என்று கணக்கு வைக்காமல் 200 கிராம் வருமட்டும் உடைத்து ஊற்றுங்கள். தானாகப் பொங்கும் மா கேட்டால் 150 கிராம் சாதாரண கோதுமை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். அந்த இடத்தில் அப்பச்சோடாவை அதே அளவில் போடக் கூடாது. சோடா ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியம், தயிர், எலுமிச்சை மாதிரிப் புளிப்பு இல்லாவிட்டால் சவர்க்கார மணம் வேறு. மலையுயரத்துக்கான திருத்தம் என்று அமெரிக்கப் புத்தகங்களில் ஒரு பக்கம் இருக்கும். நுவரெலியாக்காரருக்கு அது உதவும், கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு வேண்டாம்.

ஓவன் சூடு 350 என்றால் அது பாரன்ஹீற், நம் ஓவனில் 180 பாகை செல்சியஸ். பல வீட்டு ஓவன்களின் திருகு 250க்கு மேல் போகாது. அதனால் 350 என்று கண்டவர் முழுதாகத் திருகிவிட்டு, மேல் கருகி நடு பச்சையாக இருக்கிறதே என்று திகைப்பார். பிரித்தானியப் புத்தகத்தில் 'கேஸ் மார்க் 4' என்றாலும் அதே 180தான். உள்ளே விசிறி சுற்றும் ஓவன் என்றால் 20 பாகை குறையுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி 'அறை வெப்பநிலை' என்ற சொல். குளிர்நாட்டுச் சமையலறையில் அது 20 பாகைக்குக் கிட்ட. இங்கே மே, ஜூன் பகலில் மின்விசிறிக்குக் கீழேயே 30ஐத் தாண்டும். பட்டரை இரண்டு மணித்தியாலம் வெளியே வைக்கச் சொன்னதை நம்பி வைத்தால் அது எண்ணெயாக ஓடும். எண்ணெயானது சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடிக்காது, கேக் தட்டையாகிவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டாக வெட்டிப் பத்து நிமிடம் விட்டால் போதும்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. பாண் மாவும் இப்படித்தான். ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடு என்று அச்சிட்டிருந்தால் நாற்பது நிமிடத்திலேயே போய்ப் பாருங்கள். மாவில் தோய்த்த விரலால் குத்தும்போது குழி மெதுவாகப் பாதி மேலெழுந்து நின்றால் பதம். எழாமல் அப்படியே கிடந்தால் பதம் கடந்து புளிக்கத் தொடங்கிவிட்டது. அமுக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டி, இந்தத் தடவை குறைந்த நேரம் விடுங்கள்.

தமிழ்நாட்டுப் புத்தகம் என்றால் நம் மொழிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் ஆபத்து. அங்கே 'கோதுமை மாவு' என்பது ஆட்டா மா. சீனன்குடா ஆலையிலிருந்து வரும் நம் வெள்ளைக் கோதுமை மாவை அவர்கள் மைதா என்பார்கள். ஆட்டா தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும், அதற்குச் சொன்ன தண்ணீரை வெள்ளை மாவில் ஊற்றினால் கையில் ஒட்டும் களிதான் கிடைக்கும். 'மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி' என்பது அங்கே தனி மிளகாய். நம் வீட்டுத் தூளில் மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து இடித்திருக்கும். அதைப் போட்டுவிட்டுப் புத்தகம் சொன்ன மல்லித் தூளையும் போட்டால் கறி கறுத்துத் தடித்து நிற்கும்.

சுவை கெட்டால் ஒரு நேரச் சாப்பாடு போகும். போத்தலில் அடைக்கும் அத்தியாயம் பிழைத்தால் உயிர் போகும். மீன், இறால், மரக்கறி போன்ற புளிப்புக் குறைந்த பண்டங்களைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைக்கும் செய்முறைகள் போத்தலோடு அவிக்கும் அழுத்தக் கலன் (பிரஷர் கனர்) ஒன்று வீட்டில் இருக்கிறது என்று நினைத்து எழுதியவை. 116 பாகைக்கு மேல் சூடேறினால்தான் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் சாகும். கொதிக்கிற தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது, எத்தனை மணித்தியாலம் அவித்தாலும் சரி. சாதாரண பிரஷர் குக்கரையும் அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. அந்தக் கிருமி விடும் நஞ்சு மணத்திலோ சுவையிலோ காட்டிக்கொடுக்காது. கொதிநீரில் போத்தலோடு அவித்து வெளியே வைப்பது புளிப்பு மிகுந்த, பிஎச் (குறையக் குறையப் புளிப்புக் கூடும் அளவு) 4.6க்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும்: பழ ஜாம், வினாகிரி ஊற்றிய அச்சாறு. அங்கேயும் வினாகிரியைக் குறைத்துத் தண்ணீர் கலக்கக் கூடாது, போத்தலில் எழுதியுள்ள அமில வீதம் புத்தகம் கேட்பதோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெயில் ஊறிய பச்சை உள்ளி அழகான படம்தான். செய்தால் பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டு வேலைப் புத்தகங்களில் இதற்குச் சமமான ஆபத்து வயர் நிறம். அமெரிக்காவில் கறுப்பு வயரில் மின் ஓடும், வெள்ளை நியூட்ரல். நம் பழைய வீடுகளில் சிவப்பில் மின் ஓடும், கறுப்புத்தான் நியூட்ரல். புதிய வயரிங்கில் மண்ணிறம் மின், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். அமெரிக்கப் படத்தைப் பார்த்து இங்கே கறுப்பைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டேயிருக்கும். பல்ப் மாற்றக் கைவைக்கும்போதுதான் தெரியவரும். அவர்களது 120 வோல்ட் கணக்கில் சொன்ன வயர்த் தடிப்பும் பியூஸும் நமக்குப் பொருந்தா. புத்தகத்தை வைத்துப் பிளக் மாட்டலாம், அதற்கு மேல் மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். பிளக் மாட்டும்போதும் மேசை விளக்குக்கு 13 ஆம்பியர் பியூஸோடு விடாதீர்கள். 700 வாட் வரைக்கும் 3 ஆம்பியர் போதும். அதைவிடப் பெரிய பியூஸ் போட்டால் வயர் உருகிய பிறகும் பியூஸ் போகாது.

சுவரில் தட்டு மாட்டும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுவர் மரச்சட்டத்தில் அறைந்த அட்டைப் பலகை. சட்டத்தைத் தேடும் கருவி, விரியும் நங்கூரம் என்றெல்லாம் பத்துப் பக்கம் போகும். நமது சுவர் செங்கல் அல்லது சீமெந்துக் கல், மேலே ஏறத்தாழ 15 மி.மீ. பூச்சு. 6 மி.மீ. கொங்கிறீற் துளை அலகு, துளைக்குள் செருகும் சிவப்பு ரோல் பிளக், 50 மி.மீ. திருகாணி போதும். அலகில் 55 மி.மீ. அளந்து டேப் சுற்றிவிட்டு, பூச்சைக் கடக்கும்வரை துளைகருவியின் ஹாமரை (அடித்துத் துளைக்கும் இயக்கத்தை) நிறுத்தி மெதுவாகத் துளையுங்கள், அப்போதுதான் பூச்சு பெயராது. பிறகு விழும் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல், சாம்பல் என்றால் சீமெந்துக் கல். வெளிர்மணலாகப் பொலபொலவென்று கொட்டினால் இரண்டு கல்லுக்கு இடையிலான சாந்தில் போகிறீர்கள், பிளக் பிடிக்காது, ஐந்து செ.மீ. தள்ளித் துளையுங்கள். அலகு சட்டென்று உள்ளே விழுந்தால் அது பொள்ளல் கல், அதற்கு விரியும் பிளக் வேண்டும். துளைக்குள் தூள் இருக்க விட்டுப் பிளக்கை அடிப்பது பலரும் செய்வது. தூள் அடியில் இறுகி, பிளக் பாதியில் நின்று, பூச்சை மட்டும் பிடித்துக்கொள்கிறது. பாரம் ஏறியதும் பூச்சோடு வந்துவிடும்.

பைப் வேலையில் ஒரு கள்ளத்தனம் உண்டு. அமெரிக்க அரை அங்குல மரையும் நம் கடைகளில் கிடைக்கும் பிரித்தானிய அரை அங்குல மரையும் அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 60 பாகை, மற்றதன் கோணம் 55. எவ்வளவு டெஃப்லோன் டேப் சுற்றினாலும் கசியும். புத்தகத்தின் பாகப் பட்டியலைப் பார்த்து இணையத்தில் வரவழைத்த குழாயை இங்கத்தைய எல்போவில் திணிக்காதீர்கள்.

சீமெந்துக்கும் உப்புக் காற்றுக்கும் தனிக் கணக்கு. 24 மணித்தியாலம் காயவிடு என்று எழுதியிருப்பது கால்வைத்து நடப்பதற்கான நேரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு மத்தியானத்துக்குள் உலர்ந்து மயிரிழை வெடிப்பு விடும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். மணல் செலவைக் குறைக்கக் கடல் மணல் போடுவது கம்பியைத் தின்னும். புத்தகம் துத்தநாகம் பூசிய ஆணி என்றால் உள்வீட்டுக்குச் சரி. கடலை அண்டிய வீட்டின் வெளிப்புறத்துக்கு 316 தரத் துருப்பிடியா உருக்கு ஆணி வாங்குங்கள், விலை கூடத்தான். புதுப் பூச்சுக்கு வர்ணம் நாலு கிழமை கழித்து, அதுவும் வாடைக் காற்று மழை தொடங்குமுன்.

கடைசியாகப் புத்தகத்தின் உடம்பு. சமையல் புத்தகங்கள் பெரும்பாலும் களிமண் பூசிய ஆர்ட் காகிதத்தில் அச்சானவை. நனைந்து ஒட்டியபடி காய்ந்தால் பிரிக்கும்போது படமும் எழுத்தும் உரிந்து வரும். அதனால் அடுப்படிக்கு வேண்டிய பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு புத்தகத்தை அறையிலேயே விடுங்கள். தப்பித் தவறி நனைந்தால் வெயிலில் விரிக்கவோ பொலித்தீன் பையில் போடவோ வேண்டாம். உடனே ஒவ்வொரு பக்கத்துக்கிடையிலும் வெள்ளை டிஷ்யூ வைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை டிஷ்யூவை மாற்றுங்கள். கிழிந்ததற்கு செலோ டேப் ஒட்ட வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தை ஊறவைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது நனைந்த பக்கத்தைக் கவுண்டரில் காட்டிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் அது ஈரத்தோடு அலுமாரிக்குப் போய், பக்கத்துப் புத்தகத்துக்கும் பூஞ்சணம் ஏறும்.