இரட்டை வெபர் கார்புரேட்டர்: ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே தொடங்கும் தவறுகள்

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, எஞ்சின் தள்ளாடுகிறது, மிதித்தால் 'பட்' என்று ஒரு இருமல். இரண்டு வெபர் மாட்டிய வண்டியாக இருந்தால் பழி உடனே கார்புரேட்டர் மேல், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகத்தின் மேல், விழும். பாதி நேரம் அது அப்பாவி.

1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலானையே எடுத்துக்கொள்வோம். 1558 சிசி, இரட்டை கேம், நான்கு சிலிண்டர். அதன் பக்கவாட்டில் படுத்தபடி இரண்டு '40 டிசிஓஇ' மாடல் வெபர்கள். ஒவ்வொன்றிலும் காற்று போகும் இரண்டு குழல்கள், ஆக சிலிண்டருக்கு ஒரு குழல். ஒரே கார்புரேட்டர் எல்லா சிலிண்டருக்கும் ஊட்டும் சாதாரண வண்டியில் சின்னக் குறைகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஒரு சிலிண்டருக்குக் காற்று குறைந்தாலும் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் பேலன்ஸ் செய்வது, அதாவது எல்லாக் குழல்களிலும் காற்றைச் சமப்படுத்துவது, கடைசியில் வரும் வேலை. டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்), பிளக், டைமிங் (பொறி விழும் நேரம்) எல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு முறை வரும். எலானில் டேப்பட் இடைவெளியை மாற்ற கேம்ஷாஃப்டையே கழற்றி, அடியில் இருக்கும் ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். அவ்வளவு வேலை இருப்பதால்தான் பலர் அதைத் தாண்டிப்போய் கார்புரேட்டரைத் திருகுகிறார்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வெபர்களுக்கு நேர் கீழே ஒளிந்திருக்கிறது. கை நுழையாது, அதனால் அதையும் யாரும் பார்ப்பதில்லை. அதன் ஷாஃப்ட் தேய்ந்து ஆடினால் டைமிங் நிலையாக நிற்காது. அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை.

காற்றுக் கசிவு இன்னொரு ஏமாற்றுக்காரன். எலானின் மேலெழுந்து இறங்கும் ஹெட்லைட்டுகளை இயக்குவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். அது ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. அந்த ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தால், குழாய் இணையும் இடத்தை ஒட்டிய சிலிண்டருக்குக் கூடுதல் காற்று போய், கலவை மெலிந்துவிடும். ஹெட்லைட்டில் உள்ள கோளாறுக்கு கார்புரேட்டரில் வைத்தியம் பார்ப்போம்! சந்தேகம் இருந்தால் அந்தக் குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு ஐடிலைக் கேளுங்கள்.

கார்புரேட்டரை இறுக்கி முறுக்குவதும் இதே கசிவில்தான் கொண்டுவிடும். இந்த வெபர்கள் ரப்பர் ஓ-ரிங்கின் மேல் சற்று மிதந்தபடி நிற்க வேண்டியவை. நட்டுக்கு அடியில் இருக்கும் இரட்டைச் சுருள் வாஷரில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். 'கழன்றுவிடுமோ' என்று பயந்து முழுக்க முறுக்கினால், எஞ்சினின் அதிர்வு நேராக ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் நுரைக்கும். எஞ்சினோடு பொருந்தும் ஃபிளாஞ்ச் விளிம்பும் வளைந்து, காற்று கசியும்.

சரி, இனி பேலன்ஸ். இங்கே அதிகம் நடக்கும் குழப்பம், காற்றையும் கலவையையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் பார்ப்பது. பேலன்ஸ் என்றால் காற்றைச் சமப்படுத்துவது, அவ்வளவுதான். அது முடிந்த பிறகுதான் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ பக்கம் போக வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லிங்கேஜை, அதாவது ஆக்சிலரேட்டரையும் கார்புரேட்டர்களையும் இணைக்கும் ராடுகளை, மாட்டி வைத்துக்கொண்டே காற்றை அளப்பது அடுத்த தவறு. ஒரு ராடு கொஞ்சம் நீளமாக இருந்தால் அது ஒரு கார்புரேட்டரை எப்போதும் லேசாகத் திறந்தே வைத்திருக்கும். நீங்கள் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள், எதுவும் மாறாது. தனித்தனியாகக் கழற்றக்கூடிய லிங்கேஜ் என்றால் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே பேலன்ஸ் ஸ்க்ரூ மட்டும் உள்ள அமைப்பு என்றால், ஆக்சிலரேட்டர் கேபிளாவது தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடில் ஸ்க்ரூவை வைத்து ஐடிலைத் தூக்கி நிறுத்துவதுதான் என் கணக்கில் ஆகப்பெரிய தவறு. அந்த ஸ்க்ரூ லீவரைத் தொட்ட பிறகு அரைச் சுற்று போதும், மிஞ்சினால் ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் பட்டர்ஃபிளை (குழலைத் திறந்து மூடும் வட்டத் தகடு) நகர்ந்து, அதன் விளிம்பை ஒட்டி வரிசையாக உள்ள சிறு துளைகளைத் திறந்துவிடும். அவை மிதிக்கத் தொடங்கும்போது பெட்ரோல் தர வேண்டிய துளைகள். ஐடிலிலேயே அவை ஊற்ற ஆரம்பித்தால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு வேலை இல்லாமல் போகும், மிதிக்கும்போது பிக்கப்பும் இருக்காது. அவ்வளவு திருகினால்தான் வண்டி நிற்காமல் ஓடும் என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

காற்றோட்டமானியைக் குழலின் வாயில் ஒழுங்காகப் பொருத்தாமல், சரிந்த வாக்கில் வைத்து அளப்பவர்களும் உண்டு. ஓரத்தில் காற்று நுழைந்தால் அளவு பொய். சில பழைய வகை மானிகள் காற்றையே மறித்து எஞ்சினை மந்தமாக்கும், அதனால் சட்டென்று பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டும். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, எல்லாக் குழல்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரே கார்புரேட்டரின் இரண்டு குழல்களும் வேறுவேறு காட்டினால் பட்டர்ஃபிளைகளைத் தாங்கும் ஸ்பிண்டில் என்னும் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கலாம். பிந்தைய மாடல்களில் இதற்கென்றே குழலுக்கு ஒரு ஏர் பைபாஸ் ஸ்க்ரூ உண்டு. குறைவாக இழுக்கும் குழலில் மட்டும் அதைத் திறந்து மற்றதற்குச் சமமாக்க வேண்டும். அதை மிக்ஸ்சர் ஸ்க்ரூ என்று நினைத்து நான்கையும் திருகி வைத்த வண்டியைச் சீராக்க ஒரு நாள் போய்விடும்.

ஐடிலில் சமமானதும் லிங்கேஜை மாட்டி 2000 ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. வண்டியை ஓட்டுவது ஐடிலில் இல்லையே!

மிக்ஸ்சரைப் பொறுத்தவரை, நான்கு ஸ்க்ரூவும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் எஞ்சின் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். ஏதாவது ஒன்றை எப்படித் திருகினாலும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை என்றால் அந்தக் குழலின் ஐடில் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பாகம்) அடைத்திருக்கலாம். மேலே உள்ள வட்ட மூடியைத் திறந்தால் ஜெட் கைக்கு வந்துவிடும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், காற்று அடித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை சீட்டில் உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டர்ஃபிளை கத்தி முனைபோல நேராக நிற்க வேண்டும். பல வண்டிகளில் அது முக்கால்வாசியோடு நின்றுவிடும். ஒருமுறை மிதித்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஜெட் உள்ளே பெட்ரோலைப் பீய்ச்சும், பிளக்கெல்லாம் நனைந்துவிடும்.