விசா முதலா, வீடு முதலா? பிரான்சில் நீண்டநாள் தங்கப் போகும் புதுச்சேரி, கடலூர் பிள்ளைகளுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி மகனுக்குப் பிரான்சில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்று ராத்திரியே போன் செய்தான். "அக்கா, விசாவுக்கு அங்க தங்க இடம் இருக்குன்னு காட்டச் சொல்றாங்க. வீட்டுக்காரரைக் கேட்டா விசா வரட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்றாரு. நான் எதைத்தான் முதல்ல செய்யறது?"

நான் முத்தியால்பேட்டையிலிருந்து படிக்கக் கிளம்பியபோதும் இதே முடிச்சில்தான் சிக்கினேன். விசா வீட்டைக் கேட்கும், வீடு விசாவைக் கேட்கும், வங்கிக் கணக்கு இரண்டையும் கேட்கும். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். முதலில் கொஞ்ச நாளைக்கு ஒரு தற்காலிக இடம். அதைக் காட்டி விசா. நிரந்தர வீடு, அங்கே இறங்கிய பிறகு, கண்ணால் பார்த்து. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

90 நாளைத் தாண்டித் தங்கினால் அது நீண்டகால விசா. மாணவர்களுக்குப் பெரும்பாலும் தருவது வசிப்பு அனுமதியும் சேர்ந்த விசா. தனியாக அட்டை வாங்க வேண்டாம், போனதும் இணையத்தில் பதிந்தால் போதும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதல் படி: பெயரைச் சரி பாருங்கள்

பாஸ்போர்ட் வாங்கி 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும், விசா முடிந்த பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இதெல்லாம் எளிது. நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு படிவமும் நகராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் சேவை மையத்தில் திருத்திக்கொள்ளுங்கள். அதன்பிறகு விசா, கல்லூரி, வாடகை ஒப்பந்தம், வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள்.

கையோடு பிறப்புச் சான்றிதழையும் தயார் செய்யுங்கள். விசாவுக்குக் கேட்காவிட்டாலும் அங்கே மருத்துவக் காப்பீட்டில் பதியும்போது கேட்பார்கள். ஒரு நாட்டுச் சான்றிதழை முத்திரையைப் பார்த்தே மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாடுதான் அப்போஸ்டில். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. மாநில அல்லது யூனியன் பிரதேச அரசின் சான்றொப்பம் வாங்கி, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வாங்க வேண்டும். கடலூர்ப் பிள்ளைக்குத் தமிழ்நாடு அரசு, புதுச்சேரிப் பிள்ளைக்குப் புதுச்சேரி அரசு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான் என்றாலும் அலுவலகம் வேறு வேறு. பிரெஞ்சு மொழிபெயர்ப்பை, அதற்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். பிரெஞ்சு தெரிந்த தாத்தா எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வகுப்பு செப்டம்பரில் என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நீண்டகால விசாவுக்குப் பயண நாளுக்கு 3 மாதத்துக்கு முன்பு விண்ணப்பிக்க முடியாது. அதனால் எல்லாரும் ஜூன், ஜூலையில் வந்து குவிகிறார்கள், நாள் கிடைப்பது கஷ்டமாகிறது. அதற்கும் முன்பு, மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் தளத்தில் கோப்பு திறந்து, நேர்காணல் முடித்திருக்க வேண்டும். என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன் அங்கே, பிறகு என்ன திட்டம் என்றுதான் கேட்பார்கள். மனப்பாடம் செய்யாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

அது முடிந்ததும் பிரான்ஸ் விசா இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பி, வி.எஃப்.எஸ். குளோபல் மையத்தில் நாள் குறிக்க வேண்டும். கடற்கரை ஓரம் மரீன் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள், நேரே அங்கே போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். தாள்களும் கைரேகையும் வாங்குவது வி.எஃப்.எஸ். வேலை. விசா தரலாமா என்று முடிவு செய்வது மட்டும் தூதரகத்தின் வேலை.

மூன்றாம் படி: பணம்

மாணவர் ஒருவர் மாதம் 615 யூரோவாவது வைத்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் அளவு. 12 மாதத்துக்கு 7,380 யூரோ. பாரிசில் இது போதவே போதாது, மற்ற ஊர்களில் இழுத்துப்பிடித்து ஓட்டலாம். விசா நேரத்தில் மாமா, பெரியப்பா என்று எல்லாரிடமும் வாங்கி ஒரே நாளில் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள், உடனே சந்தேகம் வரும். கல்விக் கடன் ஒப்புதல் கடிதமோ, அப்பா அம்மாவின் சில மாதக் கணக்கு விவரமும் வருமானவரித் தாக்கலும் சேர்ந்தோ இருந்தால் நல்லது. அங்கே போய் வேலை செய்து சமாளிப்பேன் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாணவருக்கு ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அங்கே இறங்கிய முதல் மாதமே வேலை கிடைத்துவிடாது.

நான்காம் படி: தற்காலிக இடம்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பிரிவு அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. அரசின் க்ரூஸ் விடுதிகளில் அறை கிடைக்குமா என்று அவர்களிடமே கேளுங்கள். கிடைத்தால் அதைவிட மலிவான இடம் வேறு இல்லை, விசாவுக்கும் அந்த உறுதிக் கடிதம் போதும்.

கிடைக்காவிட்டால், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962-இல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல. தேடினால் யாருக்காவது பாரிஸ் புறநகரில் ஓர் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார். அவர் வீட்டில் முதலில் சில வாரம் தங்கலாம். இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. உறவினர் தரும் தாளில் இரண்டு வகை உண்டு, இரண்டும் பெயரில் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

ஒன்று அத்தெஸ்தாசியோன் தாக்கேய். உறவினர் தன் ஊர் நகராட்சிக்குப் போய், கட்டணம் கட்டி வாங்கும் வரவேற்புச் சான்று. அது 90 நாளுக்குள் வந்து போகும் விருந்தாளிக்கு. உங்கள் அம்மா உங்களைப் பார்க்க வரும்போது தேவைப்படும். இன்னொன்று அத்தெஸ்தாசியோன் தேபெர்ழ்மான். 'இன்னாரை என் வீட்டில் இந்தத் தேதியிலிருந்து தங்க வைக்கிறேன்' என்று உறவினர் தானே எழுதிக் கையெழுத்திடும் தங்குமிடக் கடிதம். மாணவருக்கு வேண்டியது இது. கூடவே அவருடைய அடையாள அட்டை நகலும், அவர் முகவரியைக் காட்டும் சமீபத்திய மின்சார பில்லோ வாடகை ரசீதோ வேண்டும். என் தம்பிக்கு நல்ல மனதோடு நகராட்சியில் வரிசையில் நின்று முதல் வகையை வாங்கி அனுப்பினார்கள். அது உதவவில்லை, மறுபடி எழுதி வாங்கினோம். 2 வாரம் போயிற்று.

உறவினர் இல்லாதவர்கள் மாணவர் விடுதியிலோ தனியார் குடியிருப்பிலோ காசு கொடுத்துப் பதியலாம். எத்தனை நாளுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும் என்பது விசா தளம் தரும் பட்டியலில் இருக்கும், அதை வைத்தே பதியுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வருமா என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

போலி வீடுகளைப் பற்றி

நான் இங்கிருந்தபடியே ஒரு விளம்பரத்தில் அறை பார்த்தேன். படம் அழகு, வாடகை குறைவு. வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதினார். 350 யூரோ அனுப்பினேன். சாவி வரவேயில்லை. அப்பா அந்தப் பணத்தை எப்படிப் புரட்டினார் என்று எனக்குத் தெரியும், இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். பிரெஞ்சுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு வாடகைக்கு வருபவரிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலே விலகிவிடுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பவே வேண்டாம். அந்த ஊரில் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்து, அரை மணி நேரம் ஒதுக்கிப் போய்ப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். நம் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: விசா மையத்தில்

பட்டியலில் சொன்ன வரிசையிலேயே தாள்களை அடுக்குங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஒட்டியிருக்கும் விசாவில் பெயர், தேதி, விசா வகை மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: போனபிறகு நிரந்தர வீடு

நம் ஊரில் அட்வான்ஸ் எவ்வளவு என்பது வீட்டுக்காரர் சொல்வதுதான். அங்கே 1989 ஜூலை 6 சட்டம் ஒன்று வாடகைதாரருக்கு அரணாக இருக்கிறது. வெறும் வீட்டுக்கு 1 மாத வாடகை, கட்டில் மேசையோடு தரும் வீட்டுக்கு அதிகபட்சம் 2 மாத வாடகை, அவ்வளவுதான் வைப்புத்தொகை. அறை குறைந்தது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும், நம் கணக்கில் சுமார் 97 சதுர அடி. மாணவர்களுக்கு 9 மாத ஒப்பந்தம் உண்டு. 1 முதல் 10 மாதம் வரைக்கான பாய் மோபிலித்தே என்ற ஒப்பந்தத்தில் வைப்புத்தொகையே வாங்கக் கூடாது. விளம்பரத்தில் ஷார்ழ் கொம்ப்ரீஸ் என்றிருந்தால் பொதுச் செலவுகளும் வாடகையில் சேர்ந்தவை. மின்சாரமும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பது ஜாமீன்தாரரை. அதுவும் பிரான்சில் சம்பளம் வாங்குபவரை. உறவினரிடம் தங்கிக்கொள்ளலாம், ஜாமீன் கையெழுத்துக் கேட்பது சங்கடம். அதற்கு விசால் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆக்சியோன் லொழ்மான் அமைப்பு இலவசமாக உங்களுக்கு ஜாமீன் நிற்கும். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், விசா கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தச் சான்றை வாங்கிவிட வேண்டும். அதனால் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்றே, விமானம் ஏறும் முன்பே, விசாலில் பதிந்துவிடுங்கள். வீட்டுக்குக் காட்ட வேண்டிய தாள்களை எல்லாம் தோசியே ஃபசில் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கோப்பாக்கி வைக்கலாம். வீடு பார்க்கப் போன இடத்திலேயே அந்த இணைப்பை அனுப்புகிற பிள்ளைக்குச் சாவி சீக்கிரம் கிடைக்கும்.

சாவி வாங்கும் நாளில் எத்தா தெ லியூ நடக்கும். வீட்டின் நிலையை அறை அறையாக எழுதிக் கையெழுத்திடும் தாள் அது. சுவரில் கறை, உடைந்த கைப்பிடி, ஒழுகும் குழாய் எதுவும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். விட்டுப் போனதை 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். ஹீட்டர் பற்றி, குளிர்காலத்தில் அதை இயக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் சொல்லலாம். நமக்கு ஹீட்டர் பழக்கமில்லை, அதனால் இதை மறந்துவிடுகிறோம். வீட்டுக் காப்பீடு எடுப்பதும் சட்டப்படி கட்டாயம்.

ஏழாம் படி: 3 மாதத்துக்குள் பதிவு

பிரான்சில் இறங்கிய 3 மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் தளத்தில் விசாவைப் பதிந்து, கட்டணம் கட்ட வேண்டும். விசா எண், நுழைந்த தேதி, தங்கியிருக்கும் முகவரி கேட்கும். நிரந்தர வீடு கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். உறவினர் முகவரியில் பதிந்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம். தவறவிட்டால் நீங்கள் அங்கே சட்டப்படி இல்லாதவராகிவிடுவீர்கள், பொங்கலுக்கு ஊர் வந்தால் திரும்பிப் போகவும் முடியாது. நீட்டிக்க வேண்டுமென்றால் முடிவதற்கு 4 மாதத்துக்கும் 2 மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் விண்ணப்பியுங்கள்.

வங்கிக் கணக்கையும் அதே தங்குமிடக் கடிதத்தைக் காட்டித் திறக்கலாம். ஒரு வங்கி மறுத்தால், எழுத்தில் வாங்கிக்கொண்டு பிரான்சின் மத்திய வங்கியை அணுகுங்கள். உங்களுக்குக் கணக்கு திறக்க வேண்டிய வங்கியை அவர்களே குறித்துக் கொடுப்பார்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது, கட்டில் மேசையோடு வாங்கிய வீடு என்றால் 1 மாத முன்னறிவிப்பு போதும், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வைப்புத்தொகை, சேதம் இல்லாவிட்டால் 1 மாதத்துக்குள்ளும், இருந்தால் கழித்துக்கொண்டு 2 மாதத்துக்குள்ளும் வர வேண்டும். தம்பி இந்த ஜூனில் அறையைக் காலி செய்தான். சன்னல் ஓரத்துக் கறைக்கு வீட்டுக்காரர் பணம் பிடிக்கப் பார்த்தபோது, முதல் நாள் எழுதி வாங்கிய தாளை எடுத்துக் காட்டியிருக்கிறான். 3 வாரத்தில் முழுத் தொகையும் கணக்குக்கு வந்தது.