சண்டிகேசுவரருக்குக் காது நன்றாகவே கேட்கும்

சிவன் கோயிலைச் சுற்றி வந்தால் வடக்குப் பக்கம், அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகிக்கு அருகில் சண்டிகேசுவரருக்கு ஒரு சின்னச் சன்னிதி. அங்கே நாலு பேர் நின்று கை தட்டுவார்கள், சொடக்குப் போடுவார்கள். "சாமிக்குக் காது மந்தம், பலமா தட்டு" என்று பிள்ளைக்குப் பாடம் வேறு. சிலர் புடவையிலிருந்து நூல் பிரித்து அவர் மேல் போடுவதும் உண்டு. இது எதுவும் வேண்டியதில்லை.

சண்டிகேசுவரர் 63 நாயன்மார்களில் ஒருவர். சேய்ஞலூரில் மாடு மேய்த்த விசாரசருமர்தான் அவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் பிடித்துப் பாலாட்டினார். பால் குடத்தை இடறிய தந்தையின் காலையே வெட்டினார். அவருக்குச் சிவனே மாலை சூட்டும் காட்சியைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சிற்பமாகப் பார்க்கலாம். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிலம் கைமாறுவது இவர் பெயரில்தான். கோயில் சொத்துக்கு இவர்தான் பொறுப்பு. அதனால்தான் "எதையும் எடுத்துப் போகவில்லை" என்று வெறுங்கையைக் காட்டும் வழக்கம். உள்ளங்கைகளை ஓசைப்படாமல் தடவிக் காட்டினால் போதும். மனுஷர் தியானத்தில் இருக்கிறார், கலைப்பானேன்?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பிரம்மா படைக்கிறார், விஷ்ணு காக்கிறார், சிவன் அழிக்கிறார் என்று மனப்பாடம் செய்துவிட்டு, நடராஜர் படத்தை வீட்டில் மாட்டவே பயப்படுகிறோம். சைவ சித்தாந்தத்தில் சிவன் முழுமுதற் கடவுள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து தொழிலும் அவருடையவை. அது அந்த நடராஜர் வடிவத்திலேயே இருக்கிறது. உடுக்கை படைப்பு, அபயக் கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள். நாம் தீயை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறோம்.

அப்புறம், மிச்சத் திருநீற்றைத் தூணில் கொட்டாதீர்கள். தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். நந்தியின் காதில் கோரிக்கை சொல்லத்தான் வேண்டுமென்றால், தொடாமல் சொல்லுங்கள். விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு முன்னால் மட்டும். சன்னிதிக்குச் சன்னிதி வேண்டாம்.

தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்பது பொது விதி. ஆனால் உத்தரகோசமங்கைச் சிவன் கோயிலில் தாழம்பூ சாத்துகிறார்கள். அங்கே போய்க் குருக்களுக்கு விதி சொல்லித் தர வேண்டாம்.