எல்லா வெளிறிய திட்டும் தேமல் இல்லை: தோலில் வரும் டி-செல் லிம்போமாவைக் கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறுகள்

என் தம்பிக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் வெளிறிய திட்டுகள் வந்தபோது வயது 19. அம்மா தேமல் என்றார், பினாங்கில், பாயான் லெப்பாஸில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கிலும் தேமல் என்றார்கள், அப்புறம் வேறொரு கிளினிக்கில் எக்ஸிமா என்றார்கள். க்ரீம் மாறிக்கொண்டே இருந்தது, திட்டு மட்டும் போகவில்லை. 4 வருடம் கழித்து, மூன்றாவது தடவை பயாப்ஸி (தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்த பிறகுதான் அது மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் என்று தெரிந்தது. அந்த 4 வருடத்தில் நாங்கள் செய்த தவறுகளை இன்னொரு குடும்பம் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்துப் பூஞ்சை என்று நினைத்துவிட வேண்டாம். 1806-ல் இந்த நோயை முதலில் விவரித்தவர் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர். முற்றிய நிலையில் வரும் கட்டிகள் காளான் போல இருந்ததால் பின்னாளில் அவரே வைத்த பெயர் அது. உண்மையில் இது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். நோய்க்கிருமிகளோடு சண்டை போட வேண்டிய டி-செல் என்னும் வெள்ளை அணுக்கள் தோலிலேயே தங்கி, கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன. தோலில் வரும் டி-செல் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது இதுதான் என்றாலும், மொத்தத்தில் மிக அரிய நோய். அதனால் சாதாரண கிளினிக் டாக்டருக்கு அது முதலில் நினைவுக்கு வராததில் ஆச்சரியமில்லை.

இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரர்களின் தோலில் சிவந்த திட்டுகளாகத்தான் படங்கள் வரும். அந்தப் படத்தோடு நம் தோலை ஒப்பிட்டு 'இது இல்லை' என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. நம் நிறத்தில் அது வெளிறியும் வரலாம், கறுத்தும் வரலாம். வெளிறிய வகை குறிப்பாகக் கறுத்த தோல் உள்ளவர்களிடமும், சின்ன வயதினரிடமும் அதிகம் காணப்படுகிறது. தேமல் பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, கழுத்து என்று எண்ணெய் சுரக்கும் இடங்களில் வரும். மைக்கோசிஸோ வெயில் படாத இடங்களை, அதாவது இடுப்பு, பிட்டம், தொடை, மார்பகம் போன்ற உடைக்குள் மறையும் பகுதிகளையே அதிகம் பிடிக்கும். தேமலா என்று பார்க்கப் பெரிய சோதனை எதுவும் தேவையில்லை, தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தம்பிக்கு அதை யாரும் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களை அதிகம் ஏமாற்றியது ஸ்டீராய்டு க்ரீம். அது இந்தத் திட்டுகளையும் ஓரளவு குறைக்கும், அதனால் 'பார், கேட்கிறது, எக்ஸிமாதான்' என்று தோன்றும், நிறுத்தினால் திரும்ப வரும். அதைவிடக் கெடுதல், பயாப்ஸிக்கு முந்தின நாள் வரை அதைத் தடவிக்கொண்டிருந்தால் தோலில் உள்ள டி-செல்கள் குறைந்து, பார்க்க வேண்டியதே மறைந்துபோகலாம். பொதுவாக 2 முதல் 4 வாரம் முன்பே அந்த இடத்தில் க்ரீமை நிறுத்தச் சொல்வார்கள், டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். (மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டை மட்டும் சொந்தமாக நிறுத்தவே கூடாது, அது ஆபத்து.) அதேபோல, பெரியவரான பிறகு புதிதாக வந்த, எந்த மருந்துக்கும் சரியாகாத 'எக்ஸிமா'வுக்கு டுபிலுமாப் ஊசி போடலாம் என்றால், முதலில் பயாப்ஸி பார்த்துவிடலாமா என்று கேட்பது நல்லது. அந்த ஊசிக்குப் பிறகு, அதுவரை மறைந்திருந்த டி-செல் லிம்போமா வெளிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பயாப்ஸியில் 'எக்ஸிமா மாதிரி இருக்கிறது' என்று வந்தால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் கெட்ட செல்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும், சாதாரண அழற்சியிலிருந்து பிரித்துப் பார்ப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டம். சில மாத இடைவெளியில், வேறுவேறு திட்டுகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வரலாம். திட்டு எப்போது வந்தது, எப்படி மாறியது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். டாக்டர் அந்த விவரங்களையும் சேர்த்து ஆய்வகத்துக்கு எழுதினால் அங்கே பார்ப்பவருக்குப் பெரிய உதவி. சிடி4, சிடி8 என்று ரிப்போர்ட்டில் வருவதை (டி-செல்லின் இரண்டு வகைகள்) வைத்து இணையத்தில் தேடிப் பயப்பட வேண்டாம். வழக்கமான வகையில் சிடி4 செல்கள், வெளிறிய வகையில் பல சமயம் சிடி8 செல்கள், அது மோசம் என்று அர்த்தமில்லை. டி-செல்கள் எல்லாம் ஒரே செல்லிலிருந்து பிறந்தவையா என்று பார்க்கும் மரபணுச் சோதனையும் உண்டு. ஆனால் அது தனியாக எதையும் நிரூபிக்காது. கண்ணால் பார்த்தது, பயாப்ஸி, சோதனை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

'ரத்தம் எடுத்தாச்சு, நார்மல்' என்பதும் பதிலில்லை. ஆரம்ப நிலையில் ரத்த எண்ணிக்கை பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பு முழுக்கத் தோல் சிவந்து, தாங்க முடியாத அரிப்பு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, அது ரத்தத்திலும் பரவும் செசரி வகையாக இருக்கலாம்.

எங்கள் பாட்டிக்கு வேறு பயம். பினாங்குக்காரர்களுக்கு பூலாவ் ஜெரெஜாக் தெரியும், பாலத்தில் போகும்போது கண்ணில் படும் தீவு, ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த இடம். வெளிறிய திட்டு என்றதும் பாட்டி அதைத்தான் நினைத்து, வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். அந்த மறைப்பிலேயே ஒரு வருடம் போனது. தொழுநோயில் பொதுவாகத் திட்டின் மேல் தொடு உணர்வு குறையும், அதை டாக்டர் சோதித்துப் பார்க்கலாம், தொழுநோயாகவே இருந்தாலும் இன்று மருந்தால் குணமாகும். மைக்கோசிஸோ ஒட்டவே ஒட்டாது, துண்டையும் தட்டையும் தனியாக வைக்கத் தேவையில்லை.

கடைசியாக, புற்றுநோய் என்று கேட்டதும் 'உடனே கீமோ போடுங்கள்' என்று நாங்கள் கெஞ்சினோம், அதுவும் தவறு. 1989-ல் வெளிவந்த ஆய்வில் 103 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே கடுமையான கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. நோய் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம்: விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு என்பது உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகள் மொத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்து, வேறெங்கும் பரவாமல் இருந்தால் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள். தம்பிக்கு யுவிபி என்னும் புற ஊதா ஒளி சிகிச்சை, வாரம் 3 தடவை. சில மாதத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்ததும் அவன் போவதை நிறுத்தினான், மறு வருடம் தொடையில் 2 திட்டுகள் திரும்ப வந்தன. இப்போது தோல் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் செக்கப் தேதியைத் தவறவிடுவதில்லை, லீவு போட்டு நான்தான் கூட்டிப் போகிறேன்.