பிபிசியோட ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸை முதல் தடவை பாக்கப் போறீங்களா, இப்படிப் பாருங்க

மொதல்ல எந்த ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்னு சரி பண்ணிக்கணும். பேரை மட்டும் போட்டு தேடினா 2013ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த அமெரிக்கன் சீரிஸ்தான் வரிசையா வந்து நிக்கும், நான் சொல்றது அதுக்கெல்லாம் மூலம், 1990ல பிபிசில வந்த பிரிட்டிஷ் அரசியல் சீரிஸ். மொத்தமே நாலு எபிசோட், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. தேடும்போது பிபிசி, 1990, இயன் ரிச்சர்ட்சன் மூணையும் சேர்த்து போடுங்க. என் தம்பிகிட்ட பாருடான்னு சொல்லி விட்டேன், அவன் அமெரிக்கன் சீரிஸை ஒரு சீசன் முழுக்க பாத்துட்டு வந்து நீ சொன்ன அந்தப் பெரியவர் வரவே இல்லையேன்னு கேட்டான்.

விக்கிபீடியா பக்கம் மட்டும் போயிடாதீங்க, முடிவை மேலயே போட்டு வெச்சிருப்பாங்க. நானும் இங்க முடிவை சொல்லப் போறதில்ல.

பாக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டே விஷயம்தான், ஆனா அந்த ரெண்டும் தெரியாம பாத்தா பாதி சுவை போயிடும். ஒண்ணு, இயன் ரிச்சர்ட்சன் நடிச்ச கதாநாயகன் பிரான்சிஸ் அர்கார்ட் என்ன வேலை பாக்குறாருங்கறது. அவர் ஆளுங்கட்சியோட சீஃப் விப், அதாவது தலைமைக் கொறடா. நம்ம சட்டசபையிலயும் கொறடா இருக்காங்க, அதே பிரிட்டிஷ் முறையில இருந்து வந்ததுதான், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இங்க 1985ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறி ஓட்டு போட்டா பதவியே பறிபோகலாம், அங்க அப்படி ஒரு சட்டம் கிடையாது, கட்சி அந்த ஆளை வெளிய தள்ளலாமே தவிர எம்பி பதவியில கை வைக்க முடியாது. அப்போ நூத்துக்கணக்கான எம்பிகளை ஒரே பக்கம் ஓட்டு போட வைக்கணும்னா கொறடா கையில என்ன இருக்கும்? பதவி ஆசை காட்டுறது, பயம் காட்டுறது, யாருக்கு கடன், யாருக்கு குடிப்பழக்கம், யார் வீட்ல என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது. ரொம்ப முக்கியமான ஓட்டுன்னா நோட்டீஸ்ல அதுக்கு கீழ மூணு கோடு போட்டு அனுப்புவாங்க, அதனாலதான் த்ரீ லைன் விப்னு பேசிக்குவாங்க. இவ்வளவு ரகசியமும் அமைதியா, மரியாதையா, எல்லாருக்கும் உதவி பண்ணிட்டு இருக்குற ஒரே ஆள்கிட்ட குவிஞ்சு கிடக்கு, அந்த ஆளுக்கு தரேன்னு சொன்ன மந்திரி பதவியை புது பிரதமர் தராம விட்டுடறார். கதை அங்கதான் ஆரம்பிக்குது.

ரெண்டாவது, 1990 நவம்பர். இதை கட்டாயம் மனசுல வெச்சுக்கிட்டு உக்காருங்க. முதல் எபிசோட் வந்தது நவம்பர் 18, ஞாயித்துக்கிழமை. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் அப்போ பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சரோட பழைய சகா ஜெஃப்ரி ஹவ் பார்லிமென்ட்ல எழுந்து நின்னு அவங்க தலைமையை கிழிச்சு பேசியிருந்தார். எபிசோட் வந்த ரெண்டாவது நாள், 20ஆம் தேதி, அவங்களோட கன்சர்வேடிவ் கட்சி எம்பிகள் தலைவர் தேர்தல்ல ஓட்டு போட்டாங்க, தாட்சருக்கு 204, எதிர்த்து நின்ன மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. ஜெயிச்சது தாட்சர்தான், ஆனா கட்சி விதிப்படி இன்னும் பெரிய வித்தியாசம் வேணும், அதுக்கு நாலு ஓட்டு குறைஞ்சு போச்சு. 22ஆம் தேதி விலகுறேன்னு அறிவிச்சுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது எபிசோட் வரும்போது நிஜத்துல அடுத்த பிரதமர் யாருன்னு அதே கட்சி எம்பிகள் கணக்கு போட்டுட்டு இருந்தாங்க, 27ஆம் தேதி ஓட்டு, 28ஆம் தேதி ஜான் மேஜர் பிரதமர். இப்போ முதல் காட்சியை போட்டு பாருங்க. அர்கார்ட் மேசையில தாட்சர் போட்டோ ஃபிரேமை கையில எடுத்து, எவ்வளவு பிரகாசமான ஆட்சியா இருந்தாலும் ஒருநாள் முடிஞ்சுதான் ஆகணும்னு சொல்லி கவுத்து வெக்கிறார். எடுத்தவங்களுக்கு இப்படி நடக்கும்னு அப்போ எப்படி தெரியும், கதை 1989ல வந்த மைக்கேல் டாப்ஸோட நாவல், அவர் அதே கட்சி தலைமை அலுவலகத்துல பெரிய பொறுப்புல இருந்தவர், ஆண்ட்ரூ டேவிஸ் அதை திரைக்கதை ஆக்கினார். அந்த வாரம் பிரிட்டன்ல டிவி முன்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு செய்தி எது நாடகம் எதுன்னு ஒரு நிமிஷம் தடுமாறி இருக்கும், அந்த உணர்வோட நீங்களும் பாக்கணும்னுதான் இவ்வளவு தேதி சொல்றேன்.

இனி பாக்குற முறை. ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட், அதுக்கு மேல வேண்டாம். நாலையும் ஒரே மூச்சுல பாத்தா ஒரு கிரைம் கதை பாத்த மாதிரி முடிஞ்சிடும், ஆனா இது ஊறணும். போனை தள்ளி வெச்சிடுங்க, ஏன்னா ரிச்சர்ட்சன் முகத்தை விட்டு கண்ணை எடுத்தா அந்த காட்சியே போச்சு. ஆங்கில சப்டைட்டில் போட்டுக்குங்க, அவர் உச்சரிப்பு தெளிவுதான், மத்தவங்க கட்சி பாஷையில வேகமா பேசுவாங்க. பின்னாடி சிரிப்பு சத்தம் வர்ற காமெடியா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, இதுல சிரிப்பு வரும், வந்த அடுத்த நொடி ஏன் சிரிச்சோம்னு உறுத்தும்.

அந்த உறுத்தலுக்கு காரணம் ஒண்ணு இருக்கு, இந்த சீரிஸை நான் மூணு தடவை பாத்ததும் அதுக்காகத்தான். அர்கார்ட் நடுநடுவுல கேமராவை பாத்து நம்மகிட்ட பேசுவார். தெருக்கூத்துல கட்டியங்காரன் நம்ம பக்கம் திரும்பி பேசுவானே, ஆனா அவன் ராஜாவையே கிண்டல் பண்றவன், இங்க ராஜா ஆகத் துடிக்கிறவனே நேரா வந்து நம்ம தோள்ல கை போடுறான். ரிச்சர்ட்சன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனில பல வருஷம் நடிச்சவர், ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற வில்லன் ராஜா மூணாம் ரிச்சர்டு மாதிரி சபையோரை கூட்டாளி ஆக்குற வித்தை அவருக்கு அத்துப்படி. முதல் எபிசோட் பாக்கும்போது ஒரு பேப்பர்ல அவர் உங்களை பாக்குற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்க, வசனம் இல்லாம வெறும் பார்வையா இருந்தாலும் போடுங்க. ரெண்டாவது எபிசோட்ல கோடு போடறதை விட்டுட்டு அந்த நேரத்துல நீங்க அவர் ஜெயிக்கணும்னு நினைக்கிறீங்களா, மாட்டணும்னு நினைக்கிறீங்களான்னு மட்டும் கவனிங்க. எனக்கு முதல் தடவை ரெண்டாவது எபிசோட் முடியற வரைக்கும் அவர் ஜெயிக்கணும்னுதான் இருந்துச்சு, அதை ஒத்துக்கறதுல வெக்கம் இல்ல, அப்படி ஆகணும்னுதானே எழுதியிருக்காங்க.

அவர் பேசுற ஒரு வரி ரொம்ப பிரபலம், நீங்க அப்படி நினைக்கலாம், நான் அதைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுங்கற மாதிரி வரும், நிஜ பார்லிமென்ட்லயே அப்புறம் அதை எடுத்து பேசியிருக்காங்க. அது வெறும் பஞ்ச் டயலாக் இல்ல, கூர்ந்து பாருங்க. மேட்டி ஸ்டோரின்னு ஒரு இளம் பத்திரிகையாளர் அவர்கிட்ட சந்தேகம் கேப்பாங்க, அவர் ஆமாவும் சொல்ல மாட்டார் இல்லன்னும் சொல்ல மாட்டார், அந்தப் பொண்ணு தானே யோசிச்சு தானே கண்டுபிடிச்ச மாதிரி கிளம்பி போவாங்க. செய்தி வெளிய வந்ததும் இவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலைன்னு சத்தியமே பண்ணலாம். ஒரு தடவை இந்த முறை புரிஞ்சிடுச்சுன்னா பேப்பர்ல 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன'ன்னு வர்ற செய்தியை பழைய மாதிரி படிக்கவே முடியாது.

அப்புறம் அவர் மனைவி எலிசபெத், டயான் ஃபிளெட்சர் நடிச்சது. கம்மியா பேசுவாங்க, ஆனா அவங்க வர்ற காட்சியில ஃபார்வர்டு பண்ணவே பண்ணாதீங்க, பெரிய முடிவுகளுக்கு விதை அங்கதான் விழும். கட்சி விளம்பரத்தை பாத்துக்கற ரோஜர் ஓ'நீல், போதைப் பழக்கம் உள்ளவர், அவரை அர்கார்ட் எப்படி நடத்துறார்னு பாத்தா கொறடா வேலைன்னா என்னன்னு புரிஞ்சிடும். நடுவுல எலிகள் ஓடுற ஷாட் வரும், அது சும்மா வைக்கல. பார்லிமென்ட் உள்பக்கம்னு காட்டுறதுல நிறைய மான்செஸ்டர் டவுன் ஹால்ல எடுத்தது, தெரிஞ்சாலும் கண்டுபிடிக்க முடியாது.

நாலும் முடிஞ்சதும் உடனே அடுத்த பாகத்துக்கு தாவாதீங்க, ஒரு வாரம் விடுங்க. 1993ல டு ப்ளே தி கிங், 1995ல தி ஃபைனல் கட், ரெண்டும் நாலு நாலு எபிசோட். கிங் பாகத்துல மைக்கேல் கிச்சன் ராஜாவா வர்றார், பிரதமருக்கும் அரண்மனைக்கும் நடக்குற மோதல் நல்லா இருக்கும். மூணாவது என் கணக்குல மத்த ரெண்டை விட கீழதான், ஆனா எலிசபெத்துக்காக பாக்கலாம்.

அதுக்கெல்லாம் முன்னாடி, அந்த ஒரு வார இடைவெளியில ஒரு நாள், முதல் எபிசோடோட முதல் ரெண்டு நிமிஷத்தை மட்டும் திரும்ப போடுங்க. அதே மேசை, அதே போட்டோ, அதே சிரிப்பு. முதல் தடவை எந்த இடத்துல நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்கன்னு பாருங்க.