கோஸ் நடும் முன்பே கடுகு தூவுங்கள்

தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடம் இருக்கிறது. ஐப்பசி வந்தால் அதில் முட்டைக்கோஸ்தான். புரட்டாசி தொடக்கத்தில் நாற்று விட்டால் நாலு வாரத்தில் எடுத்து நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள், நன்கு மக்கிய தொழுவுரம் போடுங்கள். இதெல்லாம் எளிது. புழுதான் பெரிய வேலை.

முதல் வருடம் இலையில் ஓட்டை தெரிந்த பிறகுதான் விழித்தேன். அதற்குள் குருத்தே போய்விட்டது. இப்போது வாரம் இரண்டு முறை இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியிருந்தால், அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், வெளிர்பச்சை. தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். மருந்துக்கு லேசில் மசியாது. 1953-லேயே இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இந்தப் பூச்சி டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தாங்கிக்கொண்டது. அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

என் தோட்டத்தைக் காப்பாற்றியது கடுகு. நடவுக்கு 15 நாள் முன்பு பாத்தி ஓரத்தில் ஒரு வரிசை, நட்டு 25 நாள் கழித்து இன்னொரு வரிசை. அஞ்சறைப்பெட்டிக் கடுகே முளைத்துவிடும். அந்து கோஸை விட்டுவிட்டுக் கடுகில் போய் முட்டையிடும். ஆனால் அதை அப்படியே விட்டால் கடுகே புழுப்பண்ணை ஆகிவிடும். அங்கேயும் மருந்து தெளிக்க வேண்டும்.

மருந்து என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டுங்கள். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, வெறும் கரைசல் உருண்டு ஓடிவிடும். காதி சோப்பு கொஞ்சம் கரைத்தால்தான் ஒட்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். பக்கத்தில் பொறிவண்டு தெரிந்தால் மருந்தே வேண்டாம், அது தின்றுவிடும்.

கோஸை அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் உடனே அறுங்கள். அப்புறமும் தண்ணீர் பாய்ச்சினால் வெடித்துவிடும். அடிக்கட்டையைப் பிடுங்கிவிடுங்கள், அதில் துளிர்க்கும் இலைக்குப் புழு திரும்ப வரும். அதே பாத்தியில் முள்ளங்கியோ காலிஃப்ளவரோ வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். நான் தையில் கொத்தவரை போடுகிறேன்.