வீடு சென்னையில், ஓனர் புனேயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், மேடவாக்கம் பக்கம் வாங்கிய ஃபிளாட்டின் படங்களைக் காட்டினார். சந்தோஷம். அப்புறம், "அண்ணா, வீட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கார். அவருக்கு ஒரு லெட்டர் கொடுக்கணுமாம், சரியா இருக்கான்னு பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட கடிதமும் ஏறக்குறைய இதேதான்.

பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் பார்க்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் பட்டவை மட்டும்.

மே மாதத்தில் மட்டும் வீடு பார்ப்பது

பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் ஊருக்கு வருவோம். வந்த இடத்தில் நான்கு வீடு பார்த்து, ஒன்றுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு ரயிலேறுவோம். சென்னையைச் சோதிப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வரதராஜபுரம், முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் எப்படிக் கிடந்தன என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பகுதியிலேயே ஒரு தெரு மிதக்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அவர் தன் உடம்பிலேயே கையை வைத்துக் காட்டுவார்.

மே மாதத்துக்கும் ஒரு பயன் உண்டு. 2019 கோடையில் ஓ.எம்.ஆர். பக்கம் லாரித் தண்ணீர் இல்லாமல் பல அடுக்குமாடிகளில் ஒரு நாள் ஓடவில்லை. நீங்கள் வாங்கப் போகும் இடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிடுங்கள். அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஏறும், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களில் அதைக் கட்டுவது நீங்கள்.

சொந்தக்காரருக்குப் பவர் எழுதிக் கொடுப்பது

வேண்டாம். நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ஒன்றாம் தேதி பணம் வருகிறது என்று நிம்மதியாக இருப்பது

இதுதான் இன்னும் என் வயிற்றெரிச்சல்.

நான் புனேக்கு வந்த புதிதில், ஃபிளாட்டைப் பார்த்துக்கொள்ள அதே பகுதியில் ஒருவர் கிடைத்தார். "சார், ஆள் பிடிக்கிறது, வாடகை வசூல், ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. உங்களுக்கு மாசம் 13,500 வந்துடும்" என்றார். ஒரு கடிதம் கேட்டார், கொடுத்தேன். "எனது வீட்டைக் குடியிருப்போருக்கு விடவும், அதற்கான தொகையைப் பெற்றுக்கொள்ளவும் இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்." தொகை என்றால் எவ்வளவு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு வரி கிடையாது.

பணம் மாதம் தவறாமல் வந்தது. ஒன்றாம் தேதி காலையில் குறுஞ்செய்தி வரும். குடியிருப்பது யார் என்று கேட்டேன், "நல்ல ஃபேமிலி சார்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்காமல் இருக்க முடிகிறதே என்றுதான் அவரை வைத்துக்கொண்டேன்.

இருபதாவது மாதம் பணம் வரவில்லை. அவர் போனும் எடுக்கவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு ஊருக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா, "யார் சார் வேணும்?" என்றார். நான்தான் வீட்டுக்காரர் என்றேன். "ஓனர் அவர்தானே?" என்று அந்த ஆளின் பெயரைச் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பத்திரத்தை எடுத்து வந்தார். மூன்று வருட லீஸ், ஏழு லட்சம் ரூபாய். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது ஏழு லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். நகையை விற்று, ஊரில் கொஞ்சம் நிலத்தை விற்றுக் கொடுத்த பணம். அதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு மாதம் 13,500 வந்துகொண்டிருந்தது.

சென்னையிலும் பெங்களூரிலும் லீஸுக்கு வீடு விடுவது சகஜம். ஓனரிடம் வாடகை, குடியிருப்பவரிடம் மொத்தத் தொகை என்று நடுவில் நின்று விளையாடுவதும் அங்கே புதிதல்ல. பத்து வீடு கையில் சேர்ந்ததும் ஆள் மாயமாகிவிடுவார்.

வக்கீலிடம் போனேன். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீங்கள் அதிகாரம் கொடுத்த ஆள் அந்த அதிகாரத்துக்குள் செய்தது நீங்களே செய்ததுபோல. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏழு லட்சம் அதிகாரத்துக்குள் வராது என்று வாதாடலாம். வருடக்கணக்கில் வாதாடலாம்" என்றார். போலீஸில் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. கடைசியில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். மீதி 17 மாதம் வாடகை இல்லாமல் அவர்கள் இருப்பது, காலி செய்யும்போது நான் மூன்று லட்சம் கொடுப்பது. எனக்கு அதுவரை வந்தது 2,56,500. அதற்கப்புறம் போனது, வராத 17 மாத வாடகையும் அந்த மூன்று லட்சமும் சேர்த்து 5,29,500, வக்கீல் ஃபீஸ் தனி. அவர்களுக்கும் நான்கு லட்சம் நஷ்டம். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

குடியிருப்பவரோடு ஒரே ஒரு போன் பேசியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அதனால் தம்பியிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வாடகை, குடியிருப்பவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளத்தை நீங்கள் தனியாக அனுப்புங்கள். பணம் அவர் கை வழியாக வரவே கூடாது. அவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் முன்பணம் எவ்வளவு வரை என்று எழுதுங்கள். லீஸ், போக்கியம், குத்தகை என்ற எந்தப் பெயரிலும் மொத்தத் தொகை வாங்க அதிகாரம் இல்லை என்று எழுதி, முடியும் தேதியும் போடுங்கள். குடிவருகிறவரோடு நீங்களே வீடியோவில் பேசி, ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவர் யார், என்ன அதிகாரம் என்று குடியிருப்பவருக்குத் தெரிவிக்கச் சொல்வதும் அதே சட்டம்தான். நான் கடிதம் கொடுத்தபோது அந்தச் சட்டம் இருந்தது. பதிவு என்றால் அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் சரி என்பது

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். சட்டம் சொல்லும் அளவு மூன்று மாதம். மூன்றே மாதம் கையில் இருக்கும்போது "கடைசி மூணு மாசத்தை அதில் கழிச்சுக்கோங்க சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடைந்த கதவும் ஒழுகும் சிங்க்கும் கண்ணில் படும்போது உங்கள் கையில் ஒரு ரூபாய் இருக்காது, ஆள் அடுத்த வீட்டில் பால் காய்ச்சியிருப்பார்.

ஈபி கணக்கில் அடுத்தவர் போன் நம்பர்

உங்கள் நம்பரைப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லே வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடும்.

ரிப்பேர் பில்களை வரிக்காகச் சேர்த்து வைப்பது

நானும் ஒரு டப்பா நிறையச் சேர்த்து ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்த பிறகு, 30 சதவீதம் தானாகவே கழிவு உண்டு. ரிப்பேருக்கு ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் அது உண்டு, வீட்டையே இடித்துக் கட்டினாலும் அதே 30 தான். சொத்துவரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அந்த வருடம் உங்கள் கையால் கட்டியிருந்தால்தான் கழிவு. பெயின்ட் கடை பில்லைக் குப்பையில் போடலாம்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது போகாதது

நவம்பரில் போங்கள். முன்கூட்டியே குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிளம்பரையும் கூட்டிக்கொண்டு.